ஜெராக்ஸ் கடை சிஸ்டத்தில் வருகிறவர்களின் ஆவணங்கள் தங்காமல் இருக்க என்ன வழி?

மஞ்சக்குப்பம்_நெட் (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஜெராக்ஸ், பிரிண்ட், ஆன்லைன் அப்ளிகேஷன் கடை. மூன்று சிஸ்டம். கவுண்டரில் இருப்பது விண்டோஸ் 11, அதை நாங்கள் மட்டும் தொடுவோம். மற்ற இரண்டும் வருகிறவர்கள் உட்கார்ந்து பார்ப்பதற்கு: ஐ3 நான்காம் தலைமுறை, 4 ஜிபி ராம், விண்டோஸ் 10. ஒரு லேசர் பிரிண்டர், நெட்வொர்க்கில் ஒரு பெரிய ஜெராக்ஸ் மெஷின்.

வாட்ஸ்அப் வெப் போட்டு பிரிண்ட் எடுத்துவிட்டு லாக் அவுட் செய்யாமல் போய்விடுகிறார்கள். டவுன்லோட்ஸ் ஃபோல்டரைத் திறந்தால் ஆதார், பான், பத்திரம், மார்க் ஷீட், பாஸ்புக் என்று எல்லாம் கிடக்கிறது. அடுத்து உட்காருகிறவர் யாராக இருந்தாலும் பார்க்கலாம். பென் டிரைவ் போட்டால் சில நேரம் ஃபோல்டர்கள் ஷார்ட்கட்டாக மாறிவிடுகின்றன. வேலைக்கு வரும் பையன்கள் மாறிக்கொண்டே இருப்பதால் "தினமும் அழித்துவிடு" என்று சொல்லி நடக்காது. தானாகவே அழியும்படி எப்படி செட் செய்வது? ரீஸ்டார்ட் செய்ததும் சிஸ்டத்தைப் பழைய நிலைக்கே திருப்பும் டீப் ஃப்ரீஸ் மென்பொருளைப் போடலாமா? செலவு குறைவாக இருந்தால் நல்லது.

லாஸ்பேட்டை_சர்வீஸ்

சொல்லி நடக்காது என்று நீங்களே எழுதிவிட்டீர்கள், அங்கிருந்தே தொடங்குவோம். அழிக்கிற வேலையை முழுக்க சிஸ்டத்தின் தலையில் போட்டுவிட வேண்டும்.

முதல் வேலை, பிரவுசர். வருகிறவர்கள் சிஸ்டத்தில் குரோம் எப்போதும் கெஸ்ட் முறையில் மட்டும் திறக்கட்டும். டெஸ்க்டாப்பில் உள்ள குரோம் ஐகானில் ரைட் கிளிக், ப்ராப்பர்டீஸ். டார்கெட் கட்டத்தில் கடைசி மேற்கோள்குறிக்குப் பிறகு ஓர் இடைவெளி விட்டு, இரண்டு சிறுகோடு போட்டு, அதை ஒட்டி "கெஸ்ட்" என்று ஆங்கிலச் சின்ன எழுத்தில் அடித்து ஓகே கொடுங்கள். டாஸ்க்பாரில் ஏற்கெனவே பின் செய்த குரோம், எட்ஜ் இரண்டையும் எடுத்துவிட்டு இந்த ஐகானை மட்டும் வையுங்கள். கெஸ்ட் ஜன்னலை மூடியதும் லாகின், குக்கி, ஹிஸ்டரி எல்லாம் போய்விடும். வாட்ஸ்அப் வெப், ஜிமெயில், டிஜிலாக்கர் எதுவும் அதில் தங்காது.

இது சொதப்புகிற இடம் ஒன்று உண்டு. கெஸ்ட் ஜன்னல்கள் எல்லாம் மூடினால்தான் அழியும். ஒன்று மினிமைஸ் ஆகி கீழே கிடந்தால் அடுத்தவர் திறக்கும் ஜன்னலும் அதே லாகினோடு வரும். எழுந்திருக்கும்போது டாஸ்க்பாரில் குரோம் மேல் ரைட் கிளிக் செய்து "எல்லா ஜன்னலையும் மூடு" கொடுப்பதைப் பழக்கமாக்குங்கள். பையனுக்குக் கற்றுத்தர வேண்டியது இந்த ஒன்றுதான்.

இறக்கிய ஃபைலைக் கெஸ்ட் முறை அழிக்காது, அது டவுன்லோட்ஸிலேயே இருக்கும். அதற்கு ஸ்டோரேஜ் சென்ஸ், விண்டோஸிலேயே இருக்கும் தானாக அழிக்கிற வசதி. செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ் போய் ஸ்டோரேஜ் சென்ஸை ஆன் செய்யுங்கள். ஆன் செய்தால் மட்டும் போதாது. டிஸ்கில் இடம் குறையும்போது ஓடு என்பதுதான் அதன் ஆரம்ப அமைப்பு; அதைத் தினமும் என்று மாற்ற வேண்டும். ரீசைக்கிள் பின் 1 நாள், டவுன்லோட்ஸ் 1 நாள். டவுன்லோட்ஸுக்கு "ஒருபோதும் வேண்டாம்" என்றே வைத்திருப்பார்கள், அதனால்தான் பல கடைகளில் இதை ஆன் செய்தும் பலன் தெரிவதில்லை. இந்த அமைப்பு ஒவ்வொரு விண்டோஸ் யூசருக்கும் தனி என்பதால் வருகிறவர்கள் பயன்படுத்தும் அக்கவுண்ட்டுக்குள் போய்ச் செய்யுங்கள். டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், டி டிரைவில் போட்டதை இது தொடாது.

அந்த அக்கவுண்ட் ஸ்டாண்டர்ட் வகையாக இருக்கட்டும். அட்மின் பாஸ்வேர்டு உங்களிடம் மட்டும். சிஸ்டம் முழுவதற்கும் எதை இன்ஸ்டால் செய்ய வந்தாலும் பாஸ்வேர்டு கேட்டு நிற்கும். அந்த அக்கவுண்ட்டுக்குள் மட்டும் இன்ஸ்டால் ஆகும் புரோகிராம்களையும், இன்ஸ்டால் செய்யாமலே ஓடும் புரோகிராம்களையும் இது தடுக்காது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

இரண்டு சின்ன ஓட்டைகள். விண்டோஸ் கீயோடு வி அழுத்திப் பாருங்கள். கிளிப்போர்டு ஹிஸ்டரி ஆனில் இருந்தால் கடைசியாகக் காப்பி செய்த 25 வரை வரிசையாக வரும், அதில் பாஸ்வேர்டும் இருக்கும். செட்டிங்ஸ், சிஸ்டம், கிளிப்போர்டில் ஆஃப் செய்யுங்கள். அடுத்து ஃபைல் எக்ஸ்ப்ளோரர் ஆப்ஷன்ஸில் பிரைவசி பகுதி: சமீபத்தில் திறந்த ஃபைல்களைக் காட்டும் டிக்கை எடுத்துவிட்டு கிளியர் கொடுங்கள்.

டீப் ஃப்ரீஸ் நல்ல மென்பொருள்தான், ஆனால் காசு. ரீஸ்டார்ட் செய்தால்தான் பழைய நிலைக்குத் திரும்பும். காலையில் போட்ட சிஸ்டம் இரவு வரை ஓடினால் நாள் முழுக்க வந்தவர்களின் ஃபைல் எல்லாம் அதிலேயே இருக்கும். விண்டோஸ் அப்டேட்டும் ரீஸ்டார்ட்டில் போய்விடும் என்பதால் அதற்கென்று தனி நேரம் ஒதுக்கி ஃப்ரீஸைத் தற்காலிகமாக எடுக்க வேண்டும். இரண்டு சிஸ்டத்துக்கு அது தேவைப்படாது என்பது என் கருத்து.

முதுநகர்_பிரிண்ட்ஸ்

மேலே சொன்னது எல்லாம் சரி. ஒரு படி முன்னால் போய் யோசியுங்கள் அண்ணா: பிரிண்ட் எடுக்க வருகிறவர் எதற்கு லாகின் செய்ய வேண்டும்? ஃபைல் உங்களிடம் வந்தால் போதும்.

ஆண்ட்ராய்டு போன் என்றால் குவிக் ஷேர். போனில் ஏற்கெனவே இருக்கும், வாடிக்கையாளர் எதையும் இறக்க வேண்டாம். கவுண்டர் விண்டோஸில் கூகுள் தரும் குவிக் ஷேரை இன்ஸ்டால் செய்து, அக்கவுண்ட் இல்லாமலே தொடங்கி, "எல்லோரிடமிருந்தும் பெறு" என்று வையுங்கள். அவர் பிடிஎஃப்பைத் தொட்டு ஷேர், குவிக் ஷேர், உங்கள் கடைப் பெயர், அவ்வளவுதான். சிஸ்டத்தில் ப்ளூடூத் வேண்டும். பழைய டெஸ்க்டாப்பில் லேன் மட்டும் இருக்கும், அப்போது வைஃபையும் ப்ளூடூத்தும் சேர்ந்த யுஎஸ்பி டாங்கிள் ஒன்று போட வேண்டியிருக்கும். பெயர் தெரியவில்லை என்று வந்தால் பத்துக்கு எட்டு முறை வாடிக்கையாளர் போனில் ப்ளூடூத்தோ லொகேஷனோ ஆஃபில் இருக்கும்.

லோக்கல்சென்ட் என்று இலவச ஆப் ஒன்று உண்டு, ஐபோனிலும் ஓடும். ஆனால் நின்றுகொண்டே பிரிண்ட் கேட்பவரிடம் ஆப் இறக்கச் சொல்ல முடியாது. அது ஒரே வைஃபையில் இருந்தால்தான் வேலை செய்யும். ரவுட்டரின் கெஸ்ட் நெட்வொர்க்கில் போன்கள் ஒன்றையொன்று பார்க்காதபடி தடுத்திருப்பதால் அங்கே ஓடாது. வழக்கமாக வரும் வக்கீல் ஆபீஸ், டியூஷன் சென்டர் ஆட்களுக்கு வேண்டுமானால் சொல்லிக்கொடுங்கள்.

மீதிப் பேருக்கு கடைக்கென்று ஒரு வாட்ஸ்அப் பிசினஸ் நம்பர். இங்கேதான் பெரும்பாலான கடைகள் கோட்டை விடுகின்றன. ஆவணம் சிஸ்டத்தில் இல்லை, ஆனால் கடைப் போனில் ஊர் ஆதார் எல்லாம் இருக்கிறது. அந்தப் போனில் இவற்றை மாற்றுங்கள்:

பிரைவசியில் டிஃபால்ட் மெசேஜ் டைமர் 24 மணி நேரம். இது புதிய சாட்டுகளுக்கு மட்டும் பொருந்தும், பழைய சாட்டுகளைத் தனியாகத் தேர்ந்தெடுத்து டைமர் போட வேண்டும். ஸ்டோரேஜ் அண்ட் டேட்டாவில் தானாக இறங்குவதை முழுக்க நிறுத்துங்கள். தானாக இறங்கி கேலரிக்குப் போன படத்தை டைமர் அழிக்காது. சாட்ஸ் பகுதியில் மீடியா விசிபிலிட்டி ஆஃப். கூகுள் போட்டோஸில் வாட்ஸ்அப் ஃபோல்டர் பேக்கப் ஆகிறதா என்று பார்த்து நிறுத்துங்கள். கடைசியாக டூ ஸ்டெப் வெரிஃபிகேஷனில் 6 இலக்க பின். அந்த நம்பரை யாராவது வேறு போனில் ஏற்றிக்கொண்டால் கடை பெயரைச் சொல்லி எல்லோரிடமும் பணம் கேட்பார்கள்.

"ஒருமுறை பார்க்க" முறையில் அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், அதைப் பிரிண்ட் எடுக்க வழியில்லை.

இ-ஆதார் பிடிஎஃப்புக்கு பாஸ்வேர்டு, பெயரின் முதல் 4 எழுத்து ஆங்கிலப் பெரிய எழுத்தில், ஒட்டி பிறந்த வருடம். கடைக்காரர் எல்லோருக்கும் இது மனப்பாடம். திறந்து அப்படியே பிரிண்ட் கொடுங்கள். "பிடிஎஃப்பாகச் சேமி" என்று பூட்டில்லாத காப்பி ஒன்று போட்டுவிட்டு பிரிண்ட் எடுக்கிற பழக்கம் பல கடைகளில் இருக்கிறது. பூட்டு இருந்த ஒரே பயனும் அதோடு போய்விடுகிறது.

மஞ்சக்குப்பம்_நெட்

ரொம்ப நன்றி. கெஸ்ட் ஷார்ட்கட் போட்டுப் பார்த்தேன், வேலை செய்கிறது. ஆனால் தமிழ் டைப்பிங்குக்குப் போட்டிருந்த எக்ஸ்டென்ஷன் அதில் வரவில்லை. மனு அடிக்க வருகிறவர்களுக்கு அது வேண்டும். அப்புறம் விண்டோஸ் 10க்கு அப்டேட் நின்றுவிட்டதாகச் சொல்கிறார்களே, அந்த இரண்டு சிஸ்டத்தையும் மாற்றித்தான் ஆக வேண்டுமா?

புலியூர்_லினக்ஸ்

கெஸ்ட் முறையில் எக்ஸ்டென்ஷன் எதுவும் ஓடாது. தமிழுக்கு எக்ஸ்டென்ஷன் தேவையும் இல்லை. செட்டிங்ஸில் டைம் அண்ட் லாங்குவேஜ் போய் தமிழைச் சேர்த்தால் விண்டோஸிலேயே தமிழ்99, அஞ்சல் விசைப்பலகைகள் உண்டு. விண்டோஸ் கீயும் ஸ்பேஸும் அழுத்தினால் மாறும். பிரவுசரில் மட்டும் இல்லாமல் வேர்டிலும் அடிக்கலாம். அடிக்கிற எழுத்து வெளி சர்வருக்கும் போகாது.

விண்டோஸ் 10க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. வீட்டுப் பயனருக்கான நீட்டிப்பு 2026 அக்டோபர் 13 வரைதான். விண்டோஸ் 11 முறைப்படி இன்டெல் எட்டாம் தலைமுறையிலிருந்துதான், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப்பும் கேட்கும். உங்கள் நான்காம் தலைமுறை சிஸ்டத்தில் சுற்றுவழியில் ஏற்றலாம், ஆனால் அப்டேட் தொடர்ந்து வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தரவில்லை. கடை சிஸ்டத்தில் அந்த வம்பு வேண்டாம்.

சிஸ்டத்தை மாற்ற வேண்டாம், விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மிண்ட் 22 என்ற ஆபரேட்டிங் சிஸ்டம் போடுங்கள். 4 ஜிபி ராமுக்கு அதன் லேசான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. 2029 வரை அப்டேட் உண்டு, காசு கிடையாது. நீங்கள் கேட்ட விஷயம் அதில் பிறவியிலேயே இருக்கிறது: லாகின் விண்டோ செட்டிங்ஸில், யூசர்ஸ் பகுதியில், கெஸ்ட் செஷனை அனுமதி என்று ஒரு டிக். கெஸ்ட்டாக உள்ளே போனவர் லாக் அவுட் செய்ததும் பிரவுசர், டவுன்லோட்ஸ், டெஸ்க்டாப் எல்லாம் மொத்தமாகப் போய்விடும். கரண்ட் போய் வந்தாலும் அதேபோல் அழிந்துவிடும்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். கெஸ்ட்டின் ஃபைல்கள் ராமில்தான் உட்காரும், எனவே பெரிய வீடியோ இறக்கினால் 4 ஜிபி சிஸ்டம் திணறி நின்றுவிடும். முடிந்தால் 8 ஜிபி ஆக்குங்கள், அந்தக் கால டிடிஆர்3 ராம் பழையதாகக் கிடைக்கும். கைரேகை மெஷின், டிஜிட்டல் கையொப்ப டோக்கன் வேலைகளை இதில் முயற்சி செய்யாதீர்கள். அவை கவுண்டர் விண்டோஸிலேயே நடக்கட்டும். பிரிண்டர் மாடலுக்கு லினக்ஸ் டிரைவர் இருக்கிறதா என்பதை முதலிலேயே, மிண்ட்டைப் பென் டிரைவிலிருந்து ஓட்டிப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். டிஸ்கை அழித்த பிறகு தெரிந்துகொள்வதில் பயனில்லை.

பென் டிரைவ் பிரச்சினைக்கும் இது பாதி மருந்து. ஷார்ட்கட் வைரஸ் உண்மையான ஃபோல்டரை மறைத்துவிட்டு அதே பெயரில் ஒரு ஷார்ட்கட்டை வைக்கும். அதை டபுள் கிளிக் செய்தால்தான் ஓடும். லினக்ஸில் அந்த ஷார்ட்கட் வெறும் ஃபைல், ஒன்றும் நடக்காது. மறைந்த ஃபோல்டரும் கண்ணுக்குத் தெரியும்.

லாஸ்பேட்டை_சர்வீஸ்

மிண்ட் யோசனையை ஆதரிக்கிறேன், என் முதல் பதிலைவிட அது சுத்தமான வழி. அப்போது பென் டிரைவை விண்டோஸில் போடவே வேண்டாம். மிண்ட் சிஸ்டத்தில் போட்டு அங்கிருந்தே பிரிண்ட் கொடுங்கள்.

கவுண்டர் விண்டோஸில் ஒன்றைப் பார்க்கச் சொல்கிறேன். விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்ஷன், மேனேஜ் செட்டிங்ஸ், கீழே எக்ஸ்க்ளூஷன்ஸ். அந்தப் பட்டியல் காலியாக இருக்க வேண்டும். அங்கே "சி டிரைவ்" என்றோ புரியாத ஒரு ஃபோல்டர் பெயரோ இருந்தால், யாரோ விண்டோஸையோ போட்டோஷாப்பையோ திருட்டு ஆக்டிவேட்டர் போட்டுத் திறந்திருக்கிறார்கள், அது விண்டோஸின் சொந்த ஆன்டிவைரஸான டிஃபெண்டரின் கண்ணைக் கட்டிவிட்டது என்று சந்தேகப்படலாம். நீக்கிவிட்டு அதே பக்கத்தில் ஸ்கேன் ஆப்ஷன்ஸில் ஆஃப்லைன் ஸ்கேன் கொடுங்கள். ரீஸ்டார்ட் ஆகி கால் மணி நேரம்போல எடுக்கும். திருட்டு ஆக்டிவேட்டர் ஓடிய சிஸ்டம் என்று உறுதியானால் நான் ஸ்கேனை நம்ப மாட்டேன், ஃபார்மட்தான். அடுத்தவர் ஆதாரும் ஓடிபியும் புழங்கும் இடம் அது.

சைஸ் குறைக்கவும் ஊர் பேர் தெரியாத வெப்சைட்டில் ஏற்றாதீர்கள். டிஎன்பிஎஸ்சி பதிவுக்கு போட்டோ 20 முதல் 50 கேபி, கையெழுத்து 10 முதல் 20 கேபி என்று கேட்பார்கள். உடனே கூகுளில் தேடி முதலில் வரும் தளத்தில் போட்டோவும் சான்றிதழும் ஏறிவிடுகின்றன. படத்துக்கு பெயிண்ட் டாட் நெட், ஜேபெக் சேமிக்கும்போது குவாலிட்டியை நகர்த்தினால் சைஸ் அங்கேயே தெரியும். பிடிஎஃப்புக்கு பிடிஎஃப்24 கிரியேட்டர், ஸ்கேனுக்கு நாப்ஸ்2. மூன்றும் இணையம் இல்லாமல் ஓடும், கடைக்கும் இலவசம். தேடலில் மேலே வரும் விளம்பர இணைப்பை விட்டுவிட்டு அவரவர் சொந்தத் தளத்திலிருந்து இறக்குங்கள். இர்ஃபான்வியூ வீட்டுக்கு மட்டும்தான் இலவசம், கடைக்கு லைசென்ஸ் வாங்க வேண்டும்.

வில்லியனூர்_காப்பியர்

எல்லோரும் கம்ப்யூட்டரையே பார்க்கிறீர்கள். அந்தப் பெரிய ஜெராக்ஸ் மெஷினுக்குள்ளும் ஹார்ட் டிஸ்க் இருக்கலாம். நெட்வொர்க்கில் வரும் பிரிண்ட், ஸ்கேன், சில மாடலில் காப்பியும் அதில் எழுதப்பட்டுத்தான் வெளியே வரும். அட்மின் மெனுவில் வேலை முடிந்ததும் மேலெழுதி அழிக்கும் வசதி இருக்கும், கம்பெனிக்குக் கம்பெனி பெயர் மாறும். அதை ஆன் செய்யுங்கள். டாக்குமெண்ட் பாக்ஸில் பழையது என்ன கிடக்கிறது என்று பாருங்கள். ஸ்கிரீனில் ஜாப் லாக் தெரிவதை நிறுத்துங்கள், ஃபைல் பெயரிலேயே ஆள் பெயரும் விவரமும் இருக்கும். அட்மின் பாஸ்வேர்டு கம்பெனி கொடுத்ததாகவே இருந்தால் இன்றே மாற்றுங்கள்.

வாடகை மெஷின் என்றால் திருப்பிக் கொடுக்கும் அன்று டிஸ்கை முழுக்க அழிக்கும் ஆப்ஷனை ஓட்டிவிட்டு, முடிந்ததற்கான ரிப்போர்ட்டைப் பிரிண்ட் எடுத்து வைத்துக்கொண்டு அனுப்புங்கள். செகண்ட் ஹேண்டில் வாங்கினாலும் முதல் வேலை அதுதான்.

விண்டோஸ் பக்கம், பிரிண்டர் ப்ராப்பர்டீஸில் அட்வான்ஸ்டு தாவலில் "பிரிண்ட் ஆனவற்றை வைத்திரு" என்ற டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். மாட்டிக்கொண்டு நிற்கும் ஜாப்களும் டிஸ்கில் இருப்பவைதான். பேப்பர் ஜாம் ஆகி விட்டுவிட்ட ஜாப், பிரிண்டரை மறுபடி போட்டதும் அடுத்த ஆளுக்கு முன்னால் வந்து விழும். ஜாம் எடுத்ததும் க்யூவைத் திறந்து கேன்சல் கொடுங்கள். கசங்கி வந்த தாளைக் கிழித்துப் போடுங்கள், பொட்டலம் மடிக்கக் கொடுக்காதீர்கள்.

நெல்லித்தோப்பு_ரெஜிஸ்டர்

எல்லாவற்றையும் அழிக்கச் சொல்கிறீர்கள், ஒரு விஷயம் அழியக் கூடாது. பொதுமக்களை உட்காரவைத்து இணையம் கொடுத்தால் ஐடி சட்டத்தின் கண்ணில் அது சைபர் கஃபே. 2011இல் வந்த சைபர் கஃபே விதிகள் உங்கள் இரண்டு சிஸ்டத்துக்கும் பொருந்தும். அடையாள ஆவணம் பார்க்க வேண்டும். பெயர், முகவரி, போன், எந்த சிஸ்டம், உட்கார்ந்த நேரம், எழுந்த நேரம் பதிவேட்டில் ஏற வேண்டும். பதிவேடு, அடையாள ஆவணத்தின் நகல், பார்த்த தளங்களின் பதிவு மூன்றும் குறைந்தது ஓராண்டு இருக்க வேண்டும். தடுப்புப் பலகை நாலரை அடிக்கு மேல் போகக் கூடாது என்பது வரை அதில் உண்டு.

பிரவுசர் ஹிஸ்டரி அழிவதால் தளங்களின் பதிவை நெட்வொர்க் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். பழைய சிஸ்டம் ஒன்றிலோ ராஸ்பெரி பை என்ற சின்னக் கம்ப்யூட்டரிலோ பை-ஹோல் (நெட்வொர்க்கில் கேட்கப்படும் தளப் பெயர்களைப் பதிவு செய்யும் மென்பொருள்) போட்டு, எத்தனை நாள் வைக்க வேண்டும் என்பதில் ஓராண்டுக்கு மேல் கொடுத்து, இரண்டு சிஸ்டத்துக்கும் நிலையான ஐபி ஒதுக்கினால், எந்த சிஸ்டத்திலிருந்து எந்த நேரத்தில் எந்தத் தளம் என்பது பதிவாகும். உள்ளே என்ன படித்தார், என்ன பாஸ்வேர்டு என்பது அதில் வராது. அடையாள நகல்களைக் காகிதமாக எடுத்து பீரோவில் பூட்டுங்கள், ஓராண்டு தாண்டியதை எரித்துவிடுங்கள். டெஸ்க்டாப்பில் "ஐடி ப்ரூஃப்" என்று ஃபோல்டர் போட்டு வைத்தால் இவ்வளவு நேரம் பேசியதெல்லாம் வீண்.

ரெட்டியார்பாளையம்_அப்ளிகேஷன்

அப்ளிகேஷன் போடுகிற கடைகளுக்கு ஒரு வேண்டுகோள். இது எனக்கு ரொம்ப முக்கியமாகப் படுகிறது. சென்டாக் (புதுச்சேரி கல்லூரிச் சேர்க்கை), டிஎன்பிஎஸ்சி, நீட் எதுவாக இருந்தாலும் மாணவரின் சொந்த மொபைல் நம்பரும் சொந்த மெயிலும் மட்டும் கொடுங்கள். அவசரத்துக்குக் கடை நம்பரையும் கடை மெயிலையும் போட்டுவிடுகிறார்கள், வந்தவர் எல்லோருக்கும் ஒரே பாஸ்வேர்டு வேறு. கவுன்சலிங் தகவலும் ஓடிபியும் கடை போனுக்குப் போகும். பிள்ளைக்குத் தெரியாமலே கடைசி நாள் கடந்துவிடும். கடை நம்பர் மாறிவிட்டால் பாஸ்வேர்டை மீட்கவும் முடியாது.

மெயில் இல்லாதவருக்கு அவர் போனிலேயே திறந்து கொடுங்கள், உங்கள் சிஸ்டத்தில் வேண்டாம். பாஸ்வேர்டை அவரையே அடிக்கச் சொல்லி, துண்டுச் சீட்டில் எழுதி அவர் கையிலேயே கொடுங்கள். ஓடிபியைக் கடை முழுக்கக் கேட்கும்படி சத்தமாகப் படிக்கச் சொல்லாதீர்கள், போனைத் திருப்பிக் காட்டினால் போதும். ஆதார் இறக்க வருகிறவரிடம், முழு எண் கேட்காத இடத்துக்கு என்றால் கடைசி 4 எண் மட்டும் தெரியும் மாஸ்க்டு ஆதாரை எடுத்துக் கொடுங்கள். இறக்கும்போதே அந்தத் தேர்வு இருக்கிறது.

மஞ்சக்குப்பம்_நெட்

ஞாயிற்றுக்கிழமை கடை மூடி மிண்ட் போட்டுவிடுகிறேன். ஒரே ஒரு சந்தேகம்: இப்போது பழைய குரோமில் யாருடைய வாட்ஸ்அப்போ லாகினாகவே கிடக்கிறது. ஹிஸ்டரியை அழித்துவிட்டால் போதுமா?

முதுநகர்_பிரிண்ட்ஸ்

போதாது அண்ணா. குக்கியை அழித்தால் உங்கள் பக்கம் போய்விடும், ஆனால் அவர் போனில் லிங்க்டு டிவைசஸ் பட்டியலில் அந்தப் பெயர் தொங்கிக்கொண்டே இருக்கும். வாட்ஸ்அப் வெப் பக்கத்தின் மெனுவில் லாக் அவுட் கொடுங்கள், இரண்டு பக்கமும் அறுந்துவிடும். சாட்டைத் திறக்க வேண்டாம். அதன் பிறகு கண்ட்ரோல், ஷிஃப்ட், டெலீட் மூன்றும் சேர்த்து அழுத்தி "ஆல் டைம்" வைத்து எல்லா டிக்கும் போட்டு அழியுங்கள். தானாக வெளியேறிவிடும் என்று விட்டுவிடாதீர்கள். போன் 14 நாள் பயன்படுத்தாமல் கிடந்தால்தான் லிங்க் செய்தவை துண்டிக்கப்படும், வாட்ஸ்அப் பார்க்காமல் அத்தனை நாள் யார் இருக்கிறார்கள்?

இரண்டு மானிட்டர் மேலேயும் பெரிய எழுத்தில் இதை அடித்து ஒட்டுங்கள்: "வாட்ஸ்அப் வெப் போட்டீர்களா? உங்கள் போனில் மூன்று புள்ளி, லிங்க்டு டிவைசஸ், இந்தக் கம்ப்யூட்டரின் பெயர், லாக் அவுட். எங்கள் நம்பருக்கு அனுப்பினால் நாங்களே பிரிண்ட் எடுத்துத் தருவோம்." ஐபோனில் மூன்று புள்ளிக்குப் பதில் செட்டிங்ஸ் என்று கீழே சின்னதாகப் போட்டுவிடுங்கள்.